பக்கத்து சீட்டுச் சாப்பாடு

என்னங்க,

மைசூர் வந்து சேர்ந்துவிட்டோம். ரோனி என் அம்மா வீட்டில் தூங்குகிறான். இருமல் இல்லை, காய்ச்சலும் இல்லை, இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ரயிலில் சாப்பாடு கொண்டுவந்தவர் பக்கத்துக் காலி சீட்டிலும் ஒரு தட்டை வைத்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"உங்க டிக்கெட்டுலதான் இருக்கு மேடம். சாருக்கு நான்வெஜ் போட்டிருக்கு. சார் எங்க?"

பாத்ரூம் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. ரோனி, "அப்பாது, தொடாத" என்று என் கையைத் தள்ளினான். இறங்கும்வரை அந்தத் தட்டைப் பிரிக்கவில்லை.

எங்களை ஒரேயடியாக அம்மா வீட்டுக்கே அனுப்பி வைக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பிளாட்பாரத்தில் உங்கள் தோளில் பை இருந்தது. ஆபீஸ் பை என்று நினைத்து, "இனி நாங்க பாத்துக்கிறோம், நீங்க போங்க" என்றேன். நீங்களும் போய்விட்டீர்கள். கூட வரத்தானே டிக்கெட் போட்டிருந்தீர்கள்? அதை ஏன் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை? ஒன்றும் பிடிபடவில்லை.

நீங்கள் இங்கே வந்தால் சேர்ந்து திரும்பலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இரண்டு சீட் பார்த்து வைத்திருக்கிறேன். ரோனி மடியில் உட்கார்ந்துகொள்வான். டிக்கெட் போடப் போனால், பக்கத்து சீட்டுக்கு என்ன சாப்பாடு என்று போனில் கேட்கிறது.

நான்வெஜ் போடட்டுமா?

உங்கள்
ரோனி அம்மா