எழுபத்தேழாம் பெட்டி

6 நவம்பர் 2025, வியாழன்

77ஆம் எண் பெட்டியின் இரண்டாம் ஷிப்ட்காரருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு நான் செல்போனை வைத்துப் பூட்டிவிட்டு லைனுக்குப் போகும் இதே பெட்டியில், மூன்று மணிக்கு நீங்கள் உங்கள் போனை வைக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியும். போனோடு காராச்சேவும் வைக்கிறீர்கள் என்பதை எறும்புகள் சொல்லின. இன்று என் போனின் சார்ஜர் துளையிலிருந்து இரண்டு எறும்புகள் வெளியே வந்தன. எண்ணெய்க் கைரேகை வேறு. நாள் முழுக்க செல்போன் மூடிகளில் கீறல் தேடுகிற வேலை எனக்கு. என் போனிலேயே கறை என்றால் மனம் ஒப்பவில்லை.

டப்பாவில் வைக்கலாமே.

முதல் ஷிப்ட்காரி


7 நவம்பர்

முதல் ஷிப்ட் 77 அவர்களுக்கு,

இரண்டு எறும்புகளுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாத்தூர் சேவுங்க. அம்மா பஸ்காரரிடம் கொடுத்தனுப்புவாள். ஹாஸ்டலில் வைத்தால் அஞ்சு நிமிஷம் தாங்காது, அதான் பூட்டு இருக்கிற இடமாகப் பார்த்து வைத்தேன். இன்றைக்கு டப்பா வாங்கிவிட்டேன். உங்களுக்கும் ஒரு பொட்டலம் இருக்கிறது. எறும்பு நுழையாதபடி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன்.

நானும் மூடி பார்க்கிறவன்தான், நாலாம் லைன். இந்தக் காலத்தில் தாளில் திட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. நல்லாத்தான் இருந்தது. நம்பர் கொடுத்தால் மீதியை வாட்ஸ்அப்பில் திட்டலாம்.

அசோக்குமார்


11 நவம்பர்

அசோக்குமார் அவர்களுக்கு,

சேவு நன்றாக இருந்தது. என்னோடு ரூமில் இருக்கும் சுவேதா பாதியைத் தின்றுவிட்டு, "யாருடி இந்தப் பெட்டிக்காரரு?" என்றாள். எறும்பு வளர்ப்பவர் என்று சொன்னேன்.

நானும் நாலாம் லைன்தான். அப்படியென்றால் தினமும் ஸ்டூலை உயர்த்தி வைத்துவிட்டுப் போகிற மகானுபாவர் நீங்கள்தானா? காலையில் அதை இறக்குவதற்குள் நாலு மூடி வந்துவிடுகிறது.

நம்பர் வேண்டாமே. நம்பர் வந்தால் உங்கள் படத்தைப் பார்ப்பேன். கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தீர்கள் என்று பார்ப்பேன். நீல டிக் விழுந்தும் ஏன் பதில் இல்லை என்று யோசிப்பேன். தாளில் அதெல்லாம் இல்லை. படித்தீர்களா என்பதே மறுநாள்தான் தெரிகிறது. அந்த ஒரு நாள் எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் வந்து இறங்குகிற பஸ்ஸில்தான் நான் ஏறிப் போகிறேன். அத்தனை நீலச் சட்டைகளில் நீங்கள் எது என்று தெரியாததும் பிடித்திருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். வாக்காளர் பட்டியல் படிவத்தை எந்த ஊரில் கொடுத்தீர்கள்? நான் சிங்காரப்பேட்டையில். அப்பா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ இங்கயா, அங்கயா? ஒண்ணு சொல்லு" என்றார். வருஷத்தில் முந்நூறு நாள் ஓசூரில் இருக்கிறேன். தண்ணீர் லாரிக்கு இங்கேதான் நிற்கிறேன், ஓட்டு மட்டும் அங்கே. ஹாஸ்டல் பக்கம் ஓட்டுக் கேட்டு யாரும் வராததற்கு இதுதான் காரணமோ?

அப்புறம், நம் தலைக்கு மேலே புதிதாக ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்களே. அது நம்மைப் பார்க்கிறதா, மூடியைப் பார்க்கிறதா?

மாதேஸ்வரி


14 நவம்பர்

அன்புள்ள மாதேஸ்வரி அவர்களுக்கு,

ஸ்டூல் குற்றவாளி நான்தான். இனிமேல் இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன்.

கேமரா மூடியைத்தான் பார்க்கிறது. ஆனால் நாம் எதை நல்ல தட்டில் போடுகிறோம், எதைக் கழிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்துப் படித்துக்கொள்ளுமாம். இன்ஜினியர் பிரேம்குமார் சார் சொன்னார். ஆக நாம் இரண்டு பேரும் அதற்கு டீச்சர். சம்பளம் மட்டும் டிரெய்னிக்கு உள்ளது.

எனக்கு ஓட்டு சாத்தூரில். போய்வர இரண்டு நாள் லீவு வேண்டும். போன தடவை போகவில்லை. "உள்ளூர்க்காரனுக்கே வேலை" என்று இங்கே மேடையில் பேசினால் கை தட்டுகிறார்கள். யார் உள்ளூர்? எங்க ஊரில் என்னை ஓசூர்க்காரன் என்கிறார்கள். இங்கே டீக்கடையில் வாயைத் திறந்தால், "தெக்கத்தி ஆளா நீ?" என்கிறார் கடைக்காரர். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, கல்லாவில் கன்னடம்.

டீச்சருக்கு டீச்சர் ஒரு ரகசியம். மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், நான் மாஸ்க்கை இறக்கி மூடியின் மேல் லேசாக ஊதுவேன். ஆவி படரும். அது கலையும்போது நல்ல இடமெல்லாம் சட்டென்று தெளியும், கீறல் மேல் மட்டும் ஒரு நொடி நிற்கும். வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்தது. மாஸ்க்கை இறக்குவது விதிப்படி தப்பு. பார்த்துச் செய்யுங்கள்.

அசோக்குமார்


20 நவம்பர்

அன்புள்ள அசோக்,

ஊதிப் பார்த்தேன். அந்த ஒரு நொடி! நாலு வருஷமாகக் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடியது தானாக எழுந்து நிற்கிறது. கேமரா ஒன்று சொல்லி நான் வேறு சொன்ன பதினாறு மூடிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். பதினைந்தில் நான் சொன்னது சரி. போர்டில் என் பெயருக்கு நேரே பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவுக்கு எல்லாம் இருக்கிறது, மூச்சுதான் இல்லை.

அம்மா என்னைக் கல்யாண வெப்சைட்டில் ஏற்றிவிட்டாள். உயரம், நிறம், சம்பளம். "பர்மனெண்டா, காண்ட்ராக்டா" என்றுகூட ஒரு கட்டம். நேற்று பஸ்ஸில் இருபது பையன்களை விரலால் தள்ளினேன், ஆளுக்கு இரண்டு நொடி. இறங்கும்போதுதான் உறைத்தது, ஒரு மூடிக்கே நாம் நாலு நொடி தருகிறோம். என்னையும் எங்கேயோ ஒரு பஸ்ஸில் யாரோ தள்ளியிருப்பார்கள்.

நீங்கள் யாரையாவது காதலித்ததுண்டா? சொல்ல விருப்பமில்லை என்றால் சேவு மட்டும் வையுங்கள்.

மாதேஸ்வரி


26 நவம்பர்

அன்புள்ள மாதேஸ்வரி,

சேவும் வைத்திருக்கிறேன், பதிலும் சொல்கிறேன். சுப்ரியா என்று ஒரு பெண். இரண்டு வருஷம் பேசினோம். ஒருநாள் காலையில் அவள் படம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் வட்டம். ப்ளாக். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்கக்கூட வழியில்லை. சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். அதனால்தான் உங்கள் முதல் கடிதம் எனக்குப் பிடித்தது. என்ன தப்பு என்று எறும்புக் கணக்கோடு எழுதியிருந்தீர்கள்.

இன்னொன்று, காதில் விழுந்தது. கேமரா பழகிவிட்டால் நாலாம் லைனுக்கு இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து ஒரே ஆள் போதுமாம். இன்னொருவருக்கு, வருஷா வருஷம் நீட்டுகிற டிரெய்னி காலத்தை இந்தத் தடவை நீட்டாமல் அனுப்பிவிடுவார்களாம். அதாவது நீங்கள் அல்லது நான். என் தங்கை நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், எனக்கு இந்த வேலை வேண்டும். உங்களுக்கும் வேண்டியிருக்கும். யாருக்குக் கிடைத்தாலும் சேவு நிற்காது.

அசோக்


3 டிசம்பர்

அன்புள்ள அசோக்,

எனக்கும் வேண்டும். வேலை போனால் அடுத்த மாதமே கல்யாணம். அதனால் சொல்லப்போவதை யோசித்துத்தான் செய்தேன்.

நேற்று பிரேம்குமார் சார் கூப்பிட்டு, "கேமராவுக்கே தெரியல, உனக்கு மட்டும் எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டார். என் சாமர்த்தியம் என்று வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. "ரெண்டாம் ஷிப்ட் அசோக்குமார் கண்டுபிடிச்சது சார். மூடி மேல ஊதிப் பாப்பாரு" என்றேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கேமராவுக்குப் பக்கத்தில் ஆவி ஊதுகிற சின்னக் குழாய் வைக்கப் போகிறார்களாம். உங்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த ஒரு இடம் உங்களுக்குத்தான் என்று நினைக்கிறேன். வருத்தமில்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நியாயம் அதுதானே.

மாதேஸ்வரி


10 டிசம்பர்

மாதேஸ்வரி,

குழாய் வந்துவிட்டது. நன்றாகவே ஊதுகிறது.

நோட்டில் எழுதிய பெயர் எச்.ஆருக்கும் போயிருக்கிறது. தூசியோ மூச்சோ படக் கூடாத சுத்த அறையில் மாஸ்க்கை இறக்கியதற்கு மெமோ கொடுத்தார்கள். டிரெய்னி காலத்தை நீட்ட மாட்டார்களாம். வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். அந்த இடம் உங்களுக்கு என்று போர்டில் ஒட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

கோபத்தில் எழுதிய இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இந்த மூன்று வருஷத்தில் ஒரு வேலையைச் சொல்லி அதோடு என் பெயரையும் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீங்களும் ஊதினீர்கள் என்று அவரிடம் சொன்னீர்களா?

அசோக்குமார்


12 டிசம்பர், வெள்ளி

அன்புள்ள அசோக்,

இல்லை. சொல்லவில்லை.

உங்களைப் பற்றிச் சொல்லி முடித்ததும், "நானும் அதைத்தான் செய்யறேன் சார்" என்பது வாய்வரை வந்தது. அவர் தலைக்கு மேலே சுவரில் மாஸ்க் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டேன். ஆக, விதி எனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, என் விஷயத்தில் மட்டும். உங்களுக்குப் பெயர் வாங்கித் தருகிறேன் என்ற சந்தோஷத்தில் அதை ஒரு வாரம் மறந்தும்விட்டேன். நீங்கள் கேட்காவிட்டால் என்றைக்கும் தெரிந்திருக்காது, எனக்கே.

நேற்று எச்.ஆரில் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரமாக நானும் மாஸ்க்கை இறக்கி ஊதினேன், பச்சை ஸ்டிக்கர் அதனால் வந்தது என்று. அங்கே இருக்கும் சாந்தம்மா மேடம் தாளைத் திருப்பி நீட்டி, "உனக்கென்ன பைத்தியமா? முடிஞ்ச கதைய ஏன் கிளறுற? போய் வேலையப் பாரு" என்றார். மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இன்று காலை எனக்கும் மெமோ. போர்டில் என் பெயர் இருந்த இடம் காலியாக இருக்கிறது. உங்களைத் திரும்ப எடுப்பார்களா என்று கேட்டதற்கு, "அது வேற, இது வேற" என்கிறார்கள். உங்கள் வேலையை என்னால் மீட்க முடியவில்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. இரண்டாவது தடவையும் நீங்கள் சாம்பல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு காரணம் தேடக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

இன்று நான் பஸ்ஸில் ஏறப் போவதில்லை. நீங்கள் இறங்கி, போனை வைக்க வந்து இதைப் படித்தாலும் ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்பேன். அங்கேயும் எல்லாம் நீலச் சட்டைதான். அடையாளத்துக்கு என் கையில் காராச்சேவுப் பொட்டலம் இருக்கும், ரப்பர் பேண்ட் போட்டது. நேற்று பஸ் போகிற வழியில் குருபரப்பள்ளிக் கடையில் வாங்கினேன். சாத்தூர் சேவு அளவுக்கு வராது.

வெளியே வராமல் நேராக லைனுக்குப் போய்விட்டீர்கள் என்றால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்கிறேன். ஸ்டூலை உங்கள் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மாதேஸ்வரி