முதல் மாலை

1961 அக்டோபர் 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். சைக்கிள் பின்சக்கரம் மறுபடி பஞ்சர். மில்லுக்குத் தாமதம். டைம் ஆபீஸ் குமாஸ்தா நானே தாமதம், யார் கேட்பது?

மானேஜர் கூப்பிட்டார். மேஜை மேல் யூனியன் நோட்டீஸ். நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலையை விட்டு நிறுத்திய நாலு பெண்களையும் திரும்ப எடுக்காவிட்டால் தீபாவளிக்கு முன் ஸ்டிரைக். கையெழுத்து, செயலாளர் காளிமுத்து. என் தங்கை ராஜாமணியின் புருஷன்.

மானேஜர் இதுவரை செய்து பார்த்தது: மெமோ. ஷிப்ட் மாற்றம். பத்து நாள் சஸ்பெண்ட். ஒவ்வொன்றுக்கும் அவன் பின்னால் கூட்டம் பெருத்ததுதான் மிச்சம்.

"ஏனுங்க, உங்க மாப்பிள்ளையை என்னதான் பண்றதுங்க?"

"அடிச்சா நிமிர்றான் சார். ஆயுத பூஜைக்கு மொத மாலையப் போட்டுப் பாருங்க. அவன் ஆளுகளே அவனப் பாத்துக்கிருவாக."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

13, வெள்ளி

வெயில். பல்வலி, கிராம்பு வைத்தேன்.

பூஜை மரியாதைப் பட்டியல் எழுதும் வேலை. முதல் மாலையும் ஜரிகை வேட்டியும் வருஷா வருஷம் பெரிய மேஸ்திரிக்கு. வாங்குகிறவன் முதலாளி ஆள் என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும். இந்த வருஷம் முதல் பெயர் காளிமுத்து என்றார் மானேஜர். எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது, சனியன்.

15, ஞாயிறு

சின்னாளப்பட்டி போனேன், சொல்லிவிடலாம் என்று. ராஜாமணி சோறு போட்டாள். "வெஞ்சனம் ஒண்ணுமில்லண்ணே, அப்பளந்தான்." மாப்பிள்ளை பேச்சு முழுக்க அந்த நாலு பெண்கள். அதில் பாப்பாத்திக்குப் புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். "அவுகள உள்ள கொண்டாராம விடமாட்டேன் மச்சான்."

அப்பளத்தைத் தின்றேன். சொல்லவில்லை. சொன்னால் என் வேலை?

"செத்த நேரம் இரு மச்சான்" என்றான். பஸ் போய்விடும் என்று கிளம்பினேன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

18, புதன். ஆயுத பூஜை

மிஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. பொரி, கடலை, வாழைப்பழம். முதலாளியே வந்திருந்தார்.

முதல் பெயரை நான்தான் வாசித்தேன். மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் போனான். சாமிக்கு முன்னால் மாலையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? கழுத்தைத் தாழ்த்தினான். முதலாளி தோளில் கை போட்டுக் காதில் ஏதோ பேசினார். சிரித்தார். அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது?

என் பின்னால் ரெண்டு பேர்:

"ஏலே, காதுக்குள்ள என்னலே பேசுறாரு?"

"வெல படிஞ்சிருச்சு. அம்புட்டுத்தான்."

பொரி நமத்துப் போயிருந்தது.

22, ஞாயிறு

யூனியன் கூட்டம். நான் ஆபீஸ் ஆள், போக முடியாது. டீக்கடையில் கேட்டது. "மொதலாளி என்னய்யா கேட்டாரு?" என்றார்களாம். "பிள்ளைக எத்தனைன்னு கேட்டாரு" என்றானாம். ஒருத்தரும் நம்பவில்லை. உண்மையாகத்தான் இருக்கும். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அந்தத் திறமை எங்கள் பக்கம்.

செயலாளர் பதவி போயிற்று. புதுச் செயலாளர் பெரிய மேஸ்திரியின் மருமகன்!

23, திங்கள்

ஸ்டிரைக் நோட்டீஸ் வாபஸ். நாலு பெண்களும் உச்சிப்பொழுது வரை கேட்டில் நின்றார்கள். காளிமுத்து ஷிப்ட் முடிந்து வெளியே வந்தான். பாப்பாத்தி அவன் காலடியில் காறித் துப்பினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மேல் துப்பியிருக்க வேண்டும்.

25, புதன்

மறுபடி மழை. ராஜாமணி வந்தாள், பூஜையில் கொடுத்த ஜரிகை வேட்டியைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு.

"சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்குறாருண்ணே. இத ஒன் கையால ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துரச் சொன்னாரு. இந்த ஊர்ல ஒன்னய மட்டுந்தான் நம்புறாராம்."

26, வியாழன்

மானேஜர் மேஜையில் வைத்தேன். பேப்பரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்களே வச்சுக்கோங்க. யோசனை உங்களுதுதானுங்களே?"

வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ராஜாமணி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். வேட்டி வைத்த பை என் கையிலேயே இருந்தது.

"குடுத்துட்டியாண்ணே?"

"குடுத்துட்டேன்."

"நீ இருக்கேங்கிற தைரியந்தாண்ணே எங்களுக்கு."

தீபாவளிக்கு வேட்டி எடுக்க வேண்டியதில்லை.