கன்னிமார் காட்டுப் பூளைப்பூ

அதனால்தான் நங்கை, இந்த வருஷம் பூளைப்பூவுக்கு நானே கிளம்பிப் போனேன். நீங்கள்தான் போய்ச் சேர்ந்துவிட்டீர்களே, வேறு யார் கொண்டு வருவார்கள்?

தைப்பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டுக்கு, கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்கள். "ஏனுங் அம்மணி, பூவு வந்திருச்சு, காப்பி வந்துச்சுங்களா?" பையிலிருந்து பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் வெளியே வரும். "நம்ம காட்டுப் பூவுங்க. கன்னிமார் காலடியில வெச்சுக் கும்புட்டுப்போட்டுத்தான் எடுத்தாந்தேன்." என் அப்பன் உழுத காட்டுப் பூ, அதுவும் அண்ணன் மனைவி கையால். கண்ணில் ஒற்றி வாசல் நிலையில் செருகுவேன்.

மகளுக்குக் குழந்தை பிறந்தால் அந்தக் கன்னிமார் ஏழு கல்லுக்கு முன்னால் பொங்கல் வைப்பதாக வேண்டியிருந்தேன். பேத்தி பிறந்தாள். ஒவ்வொரு தையிலும் கேட்டேன். "மஞ்சளுக்குத் தண்ணி உட்டு ஒரே சேறுங்க. கொழந்தையத் தூக்கிட்டு எங்க நிப்பீங்க? அடுத்த நோம்பிக்கு வெச்சுக்கலாம்." பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

சென்னிமலையில் பஸ் இறங்கி நடந்தேன். காடு இருந்த இடத்தில் கம்பிவேலியும் வீட்டுமனை போர்டும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன். "அதை வித்து ஏழெட்டு வருசமாச்சுங்களே. கன்னிமாரா? ஜேசிபி வந்தன்னைக்கே தள்ளிப்போட்டாங்க. உங்க நங்கையும் நின்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தாங்க."

அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தலையைத் தூக்காமல் சொன்னார்: "நீ வெசனப்படுவீன்னு அவதான் சொல்ல வேண்டாம்னா, கண்ணு. பூவு பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்குவா."

விற்றதைப் பொறுத்துக்கொள்வேன். அண்ணனுக்கு என்ன நெருக்கடியோ. ஆனால் இல்லாத மஞ்சளுக்குத் தண்ணீர் விட்டீர்களே நங்கை. சாமி பேரைச் சொல்லி, குப்பையில் கிடந்த கன்னிமாரை வருஷா வருஷம் என்னைக் கும்பிட வைத்தீர்களே. பேத்திக்கு வேண்டியதை நான் எங்கே போய் நிறைவேற்றுவேன்? நீங்கள் இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்திக் கேட்டிருப்பேன். காப்பியும் தந்திருக்க மாட்டேன்.

கடைசியில் நானும் பஸ் ஸ்டாண்டில்தான் வாங்கி வந்தேன். நிலையில் செருக மனம் வரவில்லை, கையிலேயே வைத்திருக்கிறேன். கட்டைப் பிரித்தபோது ரப்பர் பேண்டு விரலில் மாட்டியது.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஒரு வருஷம் நீங்கள் தந்த கட்டிலும் இதே ரப்பர் பேண்டு இருந்தது. "காட்டுல ஏதுங்க நங்கை ரப்பர் பேண்டு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அன்றைக்குத்தான் நீங்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துபோனீர்கள்.