பாட்டை மறைத்த மாப்பிள்ளைக்கு

என் அருமை மாப்பிள்ளை அருளப்பா,

பாலக்கரையில் எல்லோரும் சுகம். உன் மனைவி, அதாவது என் தங்கை லூர்து, சுகம். நான் மட்டும் சுகமில்லை. காய்ச்சல், தலைவலி ஒன்றும் கிடையாது. உன் மேல் கோபம். செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அதற்காக உயிரோடு இருந்தபோது என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டுப் போகலாமா?

செய்தியைச் சொல்கிறேன். நம் மாதா கோயிலில் லத்தீன் போகிறது. ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பூசையில் பாட்டெல்லாம் தமிழில்தான். பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "பாடகர் குழுவுக்குத் தலைவர் நீங்க, முன்ன நின்னு நடத்திக் கொடுங்க" என்றார். "வேற ஆளைப் பாத்துக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.

என் கட்சி உனக்குத் தெரியாததா? காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற பாஷையிலா ஆண்டவரிடம் பேசுவது என்று எத்தனை முறை உன்னிடம் கேட்டிருப்பேன்! எனக்கும் லத்தீனில் அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நாளெல்லாம் இரும்பு சத்தத்தில் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு, வாரத்தில் ஒரு மணி நேரம் இந்த உலகத்தில் இல்லாத சொல் ஒன்று வாயில் இருக்க வேண்டாமா?

நீ ஆர்மோனியத்தை மூடிக்கொண்டே தலையை ஆட்டுவாய். "நீ சொல்றது சரிதான் மச்சான்." இருபது வயதிலிருந்து நீ எனக்கு ஆட்டிய அந்தத் தலையை நம்பித்தான், தமிழ் வேண்டும் என்று கேட்டவர்களையெல்லாம் நான் வாயடைத்தேன்.

ஒரே ஒரு தடவை மட்டும் வேறு மாதிரி பேசினாய். ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினவன், "அங்க பெருமாள் வீதியில வர்றப்ப தமிழ் பாடுறவங்க சாமிக்கு முன்னால போறாங்க மச்சான். வேதம் சொல்றவங்க பின்னாலதான் வர்றாங்க" என்றாய். "அது அவங்க சாமி, அவங்க வழக்கம்" என்றேன். நீ சிரித்துவிட்டு டீ சொன்னாய். அந்தப் பேச்சை நீ அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

சாமியார் விடவில்லை. "ஒரு தடவை வந்து கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று ஆள் அனுப்பினார். போனேன். ஏன் போனேன் தெரியுமா? இவர்கள் தடுமாறுவதைக் கண்ணால் பார்க்கத்தான். ஆர்மோனியம் வாசிக்க நீ இல்லை, சொல்லிக்கொடுக்க நான் இல்லை. புதுப் பாட்டு எங்கிருந்து வரும்? இரண்டு வரியில் வண்டி குடை சாயும், எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு மேல்மாடியில் போய் உட்கார்ந்தேன்.

லூர்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தாள். என் தங்கைக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு பாடினார்கள். தமிழில். ஓர் இடத்தில்கூடத் தட்டவில்லை. மூச்சு எடுக்கும் இடம், இழுத்து நிறுத்தும் இடம் எல்லாம் உன் கைவேலை என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

லூர்துதான் சொன்னாள். "அவர்தான் அண்ணே. சனிக்கிழமை சனிக்கிழமை, நீங்க வீட்டுக்குக் கிளம்புன பிறகு."

ஆமாம். பாட்டுப் பழக்கம் முடிந்ததும், "நீங்க போங்க அண்ணே, நாங்க பெருக்கிட்டு வர்றோம்" என்று பெண்கள் விளக்குமாற்றை எடுப்பார்கள். நீயும் நாற்காலிகளை ஒதுக்கிக் கொடுக்கிறேன் என்று பின்தங்குவாய். என்ன பக்தி, என்ன பொறுப்பு என்று சாமியாரிடமே நான் பெருமையடித்திருக்கிறேன். மறுநாள் காலையில் போனால் புறா எச்சம் அப்படியே இருக்கும். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நம்புகிறவனை ஏமாற்றுவது எவ்வளவு லேசு, பார்த்தாயா?

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?" என்று அவளைக் கேட்டேன்.

"உங்ககிட்ட யாரு சொல்றது? எங்களுக்குப் பயம். நீங்க முகத்தைத் தூக்கிக்கிட்டா குழுவே கலைஞ்சிரும்னு அவரும் சொன்னாரு."

பயமாம். இத்தனை வருஷமும் அதை மரியாதை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். என் சொந்தத் தங்கைக்கே என்னிடம் பயம். அந்தப் பயத்துக்கு நீ கதவு சாத்திக் காவல் இருந்திருக்கிறாய்.

எழுந்து கிளம்பினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நம் வழக்கப்படி முதல் வரியைத் தலைவர் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாம் வரியில்தான் மற்றவர்கள் சேர வேண்டும். இவர்கள் எடுத்த எடுப்பிலேயே எல்லோரும் சேர்ந்து, இரண்டாம் வரியிலிருந்தல்லவா தொடங்கினார்கள்? "முதல் வரி எங்கே?" என்றேன்.

"அதை எங்களை ஒரு நாளும் பாட விட்டதில்லை அண்ணே. வார்த்தை மட்டும் சொல்லியிருக்காரு. மெட்டு மச்சானுக்குத் தெரியும், அவர் வந்து எடுப்பாருன்னு சொன்னாரு."

எனக்கு எங்கே தெரியும்? இந்தப் பாட்டை வாழ்நாளில் அன்றைக்குத்தான் கேட்கிறேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வருகிறபோது வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் வரி தொடங்குகிற சுரத்தில் வந்து முடிய வேண்டுமானால் முதல் வரி எப்படிப் போக வேண்டும் என்று முனகிப் பார்த்தேன். நடுரோட்டில் நின்றுவிட்டேன், அருளப்பா. அது நம் பழைய லத்தீன் பாட்டின் எடுப்பு. ஞாயிறுதோறும் நான் தனியாக எடுக்கிற அதே மெட்டு. லூர்து சொல்லிக் காட்டிய தமிழ் வார்த்தைகள் அதில் போய் அப்படியே உட்கார்ந்தன.

அழுதேன். அழுததற்கும் சேர்த்து உன் மேல்தான் கோபம். எனக்கு இடம் போட்டு வைத்தாய், சரி. போட்ட இடத்தை என்னிடம் சொல்லவில்லையே. "மச்சான், உன் கட்சி தப்பு" என்று முகத்துக்கு நேரே ஒரு தரம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கத்தியிருப்பேன். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு வந்திருப்பேன். என் தொண்டை எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து வைத்திருந்த உனக்கு, என் மனம் எவ்வளவு தூரம் வரும் என்று தெரியாமல் போனது எப்படி?

நேற்று சாமியாரிடம் போய், "நானே எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். மனம் மாறிவிட்டது என்று நினைக்காதே. லத்தீன் போவது எனக்கு இன்றைக்கும் இழப்புதான். அதையும் குழுவின் முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். "உங்களுக்கும் என்கிட்ட ஏதாவது சொல்ல இருந்தா இப்பவே சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்றும் சொன்னேன். லூர்து, "சுருதி ரொம்ப ஒசத்தி அண்ணே, பொம்பளைங்களுக்கு எட்டலை" என்றாள். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "எப்பவுமே" என்றாள். இறக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வரியை நான் எடுப்பேன். இது சத்தியம். பூசை முடிந்ததும் நேராக உன் கல்லறைக்கு வருவேன். பூவும் மெழுகுவத்தியும் லூர்து கொண்டு வருவாள். நான் வருவது நீ உயிரோடு இருந்தபோது என்னோடு போடாமல் விட்ட சண்டையைப் போட.

இப்படிக்கு,
உன்னை இன்னும் மன்னிக்காத உன் மச்சான்,
லூர்துவின் அண்ணன் சவரிமுத்து