கொடி ஒரு சுற்று

அண்ணா,

உன் ஆபீஸ் பையை அண்ணி இன்று என்னிடம் கொடுத்தாள். உள் ஜிப்பில் நான்காய் மடித்த தாள். என் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி! இது காணோமென்று மல்லேஸ்வரம் நர்ஸிங் ஹோமில் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன். அந்த ரிசப்ஷன் பெண் அழாத குறை. ஒன்பது வருஷமாக உன்னிடமா இருந்தது? போன பிறகும் உன்னோடு மாரடிக்க வேண்டியிருக்கிறது.

எட்டாம் மாத ஸ்கேனில் குழந்தையின் கழுத்தைத் தொப்புள்கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது. டாக்டர் திரையில் சிவப்பும் நீலமுமாக ஓடியதைக் காட்டி, "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. குழந்தை திரும்பறப்போ கொடி தானா நழுவிடலாம்" என்றார். என்ஜினீயரான நீ கேட்டது ஒரே கேள்வி.

"தாய்மாமனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?"

"நான் ஸ்கேன் பண்றது குழந்தைய சார், உங்கள இல்ல."

எனக்கு மானம் போயிற்று.

கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது, எண்ணெயில் தெரியும் பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் நேரில் பார்க்கலாம் என்று அம்மா கிண்ணத்தையே எடுத்து வைத்துவிட்டாள். நீயோ எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தினமும் போன் செய்து, "கொடி இப்ப எங்க இருக்கு?" என்பாய், பஸ் எங்கே வருகிறது என்று கேட்பதுபோல. அடுத்த ஸ்கேனில் சுற்று இல்லை என்றதும் கிளினிக் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாய்.

பிரசவத்தில் மறுபடி ஒரு சுற்று. டாக்டர் விரலால் நழுவ விட்டார், மகள் வீறிட்டாள், அவ்வளவுதான். "வெளியில சொல்லாதீங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். பயந்தாங்கொள்ளி, உனக்காகத்தான்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று நர்ஸிங் ஹோம் ஃபைலை வாங்கி வந்தவன் நீ. அம்மா எதற்கும் இருக்கட்டுமென்று எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். "அதெல்லாம் ஒண்ணும் சுத்தலம்மா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு படியிறங்கினாய். நானும் நீ நம்பிவிட்டாய் என்றே இருந்தேன்.

நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவன் நீ. அம்மாவோ பேத்தி எதிரிலேயே கேட்கிறாள், "நிஜமா சொல்லு, கொடி சுத்தியிருந்துதா?" ஒன்பது வயதுப் பிள்ளை என் முகத்தையே பார்க்கிறது. எரிச்சலில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

தாளில் தெளிவாக இருக்கிறது: கழுத்தில் கொடி, ஒரு சுற்று. இதைப் படித்துவிட்டா அண்ணா அவளைத் தூக்கினாய்? நான் உனக்காக மறைத்ததை நீ அவளுக்காக மறைத்திருக்கிறாய். என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சாயங்காலம் அம்மா மறுபடி கேட்டாள். "சுத்தலம்மா" என்றேன். தாள் இப்போது என் கைப்பையில் இருக்கிறது.