முன்பள்ளிக் கூரைக்கு வந்த மணல்

அன்புள்ள றபீக்காவுக்கு,

உமக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ்வின் சாந்தி கிடைக்கட்டும். முழங்கால் வலி எப்படி? நான் சுகம். அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்துக்கு முன்பள்ளி அறை கூட்டிக் கட்டுகிறோம். மேசன் வேலை என் பொறுப்பு.

பயப்பட ஒன்றுமில்லை. திங்கட்கிழமை கொங்கிறீட் கூரைக்கு வந்த மணலை வழக்கம்போல நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. கடல் மணல் கம்பியைத் தின்றுவிடும். கீழே சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். கலக்க விடமாட்டேன் என்றேன்.

"நானா, காலமை கருவாடு திண்டனீங்கள் போல" என்று வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் றஜிந்தன் சிரித்தார்.

"அப்ப நீர் ஒருக்கா நக்கிப் பாரும்."

அவர் நக்கவில்லை. என்ஜினியர் கையெழுத்துப் போட்ட மணலாம். என் நாக்குக்குக் கையெழுத்துத் தெரியாது. நிலையத் தலைவி அற்புதராணி ரீச்சர் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். திருப்பி அனுப்பச் சொன்னார். இன்னும் குவியல் அங்கேயே கிடக்கிறது.

நேற்று றஜிந்தன், "நாளைக்கு ஜும்மாத் தொழுகைக்குப் போயிட்டு ஆறுதலா வாங்கோ நானா, முழுநாள் லீவு" என்றார். ஆறு மாதமாக அரைநாள் கேட்டாலே முகம் சுழித்த மனிசன். நான் யாழ்ப்பாணம் போய் வருவதற்குள் அந்த மணலிலேயே கூரையைப் போட்டுவிடுவார்கள்.

என் பழைய கண்ணாடியையும் நீர் இடித்த மிளகாய்த்தூளில் கொஞ்சமும் அனுப்பும். ஒருவனுக்கென்று சமைத்தால் ருசி வருவதில்லை.

பஸ் வருகிறது. ஜும்மாவை விடமாட்டேன். கொங்கிறீட் கலக்கும் மெசினைச் சுழற்றி ஸ்ராட் பண்ணும் கைபிடி என் பைக்குள் இருக்கிறது. அதுவும் என்னோடு பள்ளிவாசலுக்கு வருகிறது.

முத்தலிப்