கிழக்கே திரும்பாத தகடுகள்

2025 ஜனவரி 22, புதன். புதூர்நாடு

திருப்பத்தூர் ஜீப்பில் புளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மலையேறினேன். துப்பட்டாவில் இன்னும் அந்த வாசம். அலுவலகத்தில் நுழைந்ததுமே திட்டத் தலைவர் மோகன் சார் பெங்களூரிலிருந்து அழைத்தார். ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்தும், காட்டையும் மண்ணின் ஈரத்தையும் கண்காணிக்கும் எங்கள் செயற்கைக்கோள் திட்டத்தில், இந்தியக் களப்பணிக்கு ஒருங்கிணைப்பாளர் யார் என்பது முடிவாகிவிட்டதாம்.

நான் இல்லை. செவ்வந்தி.

"உங்க அறிக்கைதான், சகிலா, திட்டத்துக்கே அடித்தளம், எல்லாருமே சொன்னாங்க" என்றார். அடித்தளம்! மண்ணுக்குள்ளே மூடிவிடுவதைத்தானே அப்படிச் சொல்வார்கள்.

ஆறு வருஷம். ஐந்து நாட்டு விடுமுறைகளையும் மழைக்காலங்களையும் ஒரே தாளில் போட்டு, எல்லோருக்கும் ஒத்துவரும் நாட்களைப் பிடித்தது நான். வனத்துறை அனுமதிக்கு அலைந்தது நான். படவேட்டிலிருந்து வந்த செவ்வந்தியை நான்கு வருஷத்துக்கு முன் நேர்காணலில் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

ஜனவரி 23, வியாழன்

செவ்வந்திக்கு வாழ்த்துச் சொன்னேன். என் முகம் எப்படி இருந்ததோ.

பிப்ரவரி 6, வியாழன்

பிரேசிலிலிருந்து இருவர், ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார்கள். தகடுகளைக் காட்டப் போனோம். மூன்று அலுமினியத் தகடுகளை ஒரு மூலையாகச் சேர்த்து, ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருக்கிறோம், ஆறு இடத்தில். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலையை அப்படியே திருப்பி அனுப்பும். படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் மற்ற அளவுகள் சரியா என்று பார்க்க முடியும்.

அவர்கள் என் அறிக்கையைப் படித்திருந்தார்கள். ஆனால் கேள்வியெல்லாம் செவ்வந்தியிடம். அவள் ஆங்கிலம் பாதியில் நின்றுபோகும், நின்றால் கையை ஆட்டிச் சிரிப்பாள், அவர்களும் சிரிப்பார்கள். எனக்கு ஒரு வாக்கியத்தில் பிழை வந்தால் ராத்தூக்கம் போய்விடும்.

ஒரு தகடு சின்னராசு நிலத்தில், சாமை அறுத்த கொல்லையில் இருக்கிறது. அந்த மனுஷர் அவளைப் பார்த்ததும், "செவ்வந்தி, மாடு இடிச்சிரப் போவுதுன்னு முள்ளு போட்டு வச்சிக்கிறேன், பாரு" என்றார். என்னிடம், "வாங்க மேடம்." நிலம் கேட்டு அவர் வீட்டுக்கு ஏழு முறை நடந்தது மேடம்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

கட்டுப்பாட்டு மையம் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அறிவிப்புகள் யார் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லி மோகன் சார் மறுபடி நினைவூட்டினார். இந்தியாவுக்கு இன்னும் என் பெயர் மட்டுமே இருக்கிறது. செவ்வந்தி பெயரைச் சேர்க்க இரண்டு நிமிஷம் போதும்.

நாளைக்குச் செய்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு. வாணியம்பாடி

முதல் நோன்பு. மனசைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிய்யத் செய்தேன். சாயங்கால அஸர் தொழுகைக்குள் செவ்வந்தியுடைய புகைப்படத்தைத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் நான்கு முறை பார்த்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன். புதூர்நாடு

பட்டியலை நான் இன்னும் மாற்றவில்லை. இன்று அதன் பலன் வந்தது.

ஜெர்மனியிலிருந்து மின்னஞ்சல். பத்தொன்பதாம் தேதி மாலை 6.10க்கு எங்கள் மலைமேல் கடப்பதாக இருந்த செயற்கைக்கோள், மின்சக்தியை மிச்சப்படுத்த மாலைச் சுற்றுகளில் கருவியை நிறுத்திவைக்கப் போகிறது. அதற்குப் பதில் அன்றே காலை 6.05க்குக் கடக்கும்போது படமெடுக்கும். தகடுகள் இப்போது மேற்கே பார்க்கின்றன, மாலைக்காக. காலையென்றால் கிழக்கே திருப்ப வேண்டும்.

இந்தியாவிலிருந்து பெறுநர் ஒருவர்தான். நான்.

செவ்வந்தி பக்கத்து மேசையில், செயற்கைக்கோள் கடக்கும் அதே நேரத்தில் மண் ஈரம் அளக்க வரும் பதினெட்டுப் பேருக்கு மாலை நேரம் போட்ட சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தாள். "அக்கா, ஆறு பத்துதானே?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

நான் "ம்" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி. வாணியம்பாடி

நோன்பு திறந்தபின் நசருல்லா கேட்டார்: "இன்னா சகிலா, ரெண்டு நாளா வாயே தொறக்க மாட்ற? ஆபீஸ்ல எதுனா?" ஒன்றுமில்லை என்றேன். தோல் கிடங்கிலிருந்து களைத்து வந்திருக்கும் மனுஷரிடம் எப்படிச் சொல்வது, உங்கள் மனைவி இன்னொருத்தி விழட்டும் என்று காத்திருக்கிறாள் என்று?

மார்ச் 17, திங்கள்

இன்னும் நேரமிருக்கு. ஆறு தகட்டையும் திருப்ப ஒரு பகல் போதும். சொல்லிடலாம். சொன்னா இன்னா ஆவும்? நாலு நாளா ஏன் சொல்லலேன்னு கேப்பா. பட்டியல்ல என் பேரு ஏன் இல்லேன்னு கேப்பா. அதுக்கு இன்னா சொல்றது?

அவ பொறுப்புதானே? ஒருங்கிணைப்பாளர்னா அவளே ஜெர்மனிக்கு ஒரு வார்த்தை கேட்டு உறுதி செஞ்சிருக்கணும். நானா இருந்தா கேட்டிருப்பேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட உண்மையில்லை.

மார்ச் 19, புதன். புதூர்நாடு

காலை 6.05. வாசலில் நின்றிருந்தேன். வானத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தேன். அது போய்விட்டது. மலை முழுக்க அது போனது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மாலை ஐந்து மணிக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். பதினெட்டுப் பேரும் அவரவர் இடத்தில், கையில் கருவியோடு. சின்னராசு வெள்ளை வேட்டி கட்டி வந்து தகட்டைத் துணியால் துடைத்தார். செவ்வந்தி ஒவ்வொரு இடமாக ஓடினாள். 6.10க்கு வாக்கி டாக்கியில் அவள் குரல்: "அளங்க!" எல்லோரும் மண்ணில் கம்பியை இறக்கினார்கள். சின்னராசு அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மேலே எதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் செவ்வந்தி மூச்சிரைக்க என்னிடம் வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. "அக்கா, நேரமாவுது பாருங்க. திருப்பத்தூர்ல பள்ளிவாசல் பக்கத்துல கஞ்சி வாங்கியாரச் சொன்னேன். சூடு ஆறிட்டுது, பேரீச்சம்பழமும் இருக்குது." இவ்வளவு பெரிய நாளில், இத்தனை பேரை ஓட்டிக்கொண்டு, என் நோன்பை நினைவு வைத்திருக்கிறாள்.

பழத்தை வாயில் போட்டேன். துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்தேன்.

"அழுவுறீங்களா இன்னா?" என்றாள். "எனக்கும் அப்டித்தாங்க்கா இருக்குது. ஆறு வருஷம் நீங்க பட்ட பாடு!"

மார்ச் 21, வெள்ளி

பத்தொன்பதாம் தேதி காலை எடுத்த படம் வந்தது. ஆறு இடத்திலும் கறுப்பு. ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. இணையவழிக் கூட்டத்தில் ஐந்து நாட்டு முகங்கள். ஜெர்மனிக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார், பதின்மூன்றாம் தேதியே நேர மாற்றத்தை அனுப்பினோம் என்று. ஜப்பானியர் எதையோ குறித்துக்கொண்டார். பிரேசில்காரர்கள் சிரிக்கவில்லை.

செவ்வந்தி தன் அஞ்சல்பெட்டியைத் தேடினாள். திரும்பத் தேடினாள். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் குடிக்காத தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"தவறு என்னுடையது. நான் கவனிக்கவில்லை" என்றாள், திக்காமல், நல்ல ஆங்கிலத்தில்.

மார்ச் 22, சனி

காலையில் மோகன் சார் அழைத்தார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா இவ்ளோ பெரிய பொறுப்பு அதுக்கு சீக்கிரம்னு தோணுது. அடுத்த சுற்று முப்பத்தொண்ணு காலைல. நீங்க எடுத்துக்கிறீங்களா?"

இதைத்தானே கேட்டேன். ஜனவரியிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தைத்தானே.

"சார், அந்த மெயில் எனக்கு வந்தது" என்றேன்.

"எப்போ?"

"பதிமூணாம் தேதி. எனக்கு மட்டும். பட்டியல்ல அவ பேர நான் சேர்க்கல. ரெண்டுமே தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"இதை எழுத்துல குடுங்க" என்றார். வழக்கம்போல் சகிலா என்று அழைக்கவில்லை.

கொடுத்தேன். ஐந்து நாடுகளுக்கும் போகட்டும் என்று கீழே எழுதினேன்.

மார்ச் 24, திங்கள்

செவ்வந்தி கத்துவாள் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. கணினியை மூடிவிட்டு, "கூட்டத்துலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றாள்.

"அப்புறம் ஏன் உன்மேல போட்டுக்கின?"

"அத்தினி நாட்டுக்காரங்க முன்னாடி, எங்க அக்காதான் செஞ்சாங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?" குரல் அங்கே உடைந்தது. "சின்னராசு அண்ணன் கும்புட்டாருங்க. நீங்க பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க. அன்னிக்காவது சொல்லியிருக்கலாமில்ல?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே அடுக்கியிருந்த தாள்கள்.

முப்பத்தொன்றாம் தேதி தகடுகளைத் திருப்ப நானும் வருகிறேன் என்றேன்.

"அன்னிக்கு உங்க பெருநாளு. வூட்ல இருங்க. இங்க ஆள் இருக்குது."

மார்ச் 31, திங்கள். வாணியம்பாடி

பெருநாள். காலை 6.05க்கு மாடியில் நின்றேன். தெருவில் புதுச்சட்டைகளோடு தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நசருல்லா அத்தர் பூசிக்கொண்டு மேலே வந்தார். நேற்று அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "கீழ வா, சேமியா ஆறுது" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

ஆறு வெள்ளைப் புள்ளிகள். படத்தை மோகன் சார் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பியிருந்தார். செவ்வந்திதான் ஒருங்கிணைப்பாளர், உறுதியாகிவிட்டது. சந்தோஷப்பட முயன்றேன். முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். அதன் பின்னால், கொஞ்சம் தாமதமாக, அழுகை.

ஏப்ரல் 9, புதன்

என்னைக் களப்பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். போளூரில் ஓர் அறை. மலையில் உள்ள மழைமானிகளின் அளவுகளைத் தொகுத்து அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன். போளூர்

இரண்டு நாளாக மலையில் நல்ல மழை. புதூர்நாட்டில் 41 மில்லிமீட்டர். அனுப்பினேன்.

அடுத்த மாதம் பிரேசிலில் ஐந்து நாட்டுக் கூட்டம். செவ்வந்தி போகிறாள். கேள்விப்பட்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மதியம் அவளிடமிருந்து மின்னஞ்சல். நான்கு மாதத்தில் மழை அளவு கேட்காமல் வந்த முதல் அஞ்சல். அடுத்த வருஷத்துக்கான மொத்த அட்டவணை, ஐந்து நாடுகளின் தேதிகளும், நாற்பது பக்கம். மேலே வணக்கம் இல்லை, கீழே பெயர் இல்லை. ஒரே வரி:

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒருவாட்டி நீங்க பாத்துடுங்க."

கதவைச் சாத்திவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். போளூரிலிருந்து கிளம்பும் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டபோது முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தேன். நாற்பதையும் முடித்தேன்; இரண்டு இடத்தில் தேதி தவறியிருந்தது. பக்க எண்ணோடு எழுதி அனுப்பினேன்.